சலாதைத் தொடும் கடைசித் தண்ணீர்: மலையக மரக்கறித் தோட்டமொன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், கந்தப்பளையிலிருந்து இராகலைக்குப் போனாலும், மீப்பிலிமானப் பக்கம் இறங்கினாலும், வெலிமடைக்கு வந்தாலும் மரக்கறிச் சரிவின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். உச்சியில் தேயிலை மலை, அதன் ஓரத்தில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு), லயத்துக்குக் கீழே மாட்டுக் கொட்டகை, அதற்கும் கீழே படிப்படியாகப் பாத்திகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடை. மேலே விழும் மழை இதே வரிசையில்தான் இறங்கி வருகிறது. இந்த ஆய்வில் வரும் தோட்டம் அப்படிப்பட்ட பல சரிவுகளின் அம்சங்களை ஒன்றாக்கி அமைத்த மாதிரி. பெயருள்ள எந்தத் தோட்டத்தையும் அது குறிக்கவில்லை.

பரப்பு அரை ஏக்கர். மேற்பாத்திகளில் லீக்ஸ், நடுவில் கோவா, ஓடைக்குப் பக்கத்தில் சலாது (லெட்டியூஸ்), ஈரம் வற்றாத ஓரத்தில் வல்லாரை. ஓடையில் பம்ப் வைத்து 1000 லீற்றர் தாங்கிக்கு நீர் ஏற்றி, அங்கிருந்து ஹோஸிலும் ஸ்பிரிங்ளரிலும் இலைக்கு மேலே பாய்ச்சுகிறார்கள். கோழி எரு கீழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்து சாக்கில் வருகிறது. அறுவடையானதும் எல்லாம் ஒரே கழுவு குழிக்குப் போகின்றன. பொலித்தீன் விரித்த அந்தக் குழியும் ஏறத்தாழ 1000 லீற்றர்தான் கொள்ளும். காலையில் நிரப்பினால் மாலை லொறி வரும்வரை அதே தண்ணீர்.

ஹோட்டல்களுக்குச் சலாது எடுக்கும் முகவர் ஒரு தொகுதியைத் திருப்பி அனுப்புகிறார். ஆய்வுகூட அறிக்கையில் ஈ.கோலை இருக்கிறது, 25 கிராம் மாதிரியில் சல்மொனெல்லாவும் இருக்கிறது. தோட்டக்காரரின் பதில் எல்லா இடத்திலும் கேட்கும் பதில்தான்: "நல்லாக் கழுவித்தானே அனுப்புனோம்." இந்த ஆய்வு அந்தக் கழுவலிலிருந்து பின்னோக்கிப் போகிறது. வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கிருமி வயலுக்கு வந்த வழி நாலைந்து இருக்கலாம். நாலைந்து சலாதுத் தலைகளோடு நின்றிருக்க வேண்டியதை முழு லொறிக்கும் பரப்பியது கழுவு குழி.

அறிக்கை சொல்வது என்ன

ஈ.கோலை மனிதரின், விலங்குகளின் குடலில் சாதாரணமாக வாழும் பற்றீரியா. பெரும்பாலான வகைகளால் தீங்கில்லை. இலையில் அது இருந்தால், எங்கோ மலம் பட்டிருக்கிறது என்பதற்கான தடயம் அது. சல்மொனெல்லா அப்படியல்ல, தானே நோய் தருவது. பச்சையாக உண்ணும் இலையில் அதற்கு "இவ்வளவு வரை பரவாயில்லை" என்ற எல்லை கிடையாது, 25 கிராமில் இருக்கவே கூடாது. ஈ.கோலையிலும் ஓ157:எச்7 போன்ற வகைகள் வேறு மாதிரி. அவை சுரக்கும் ஷிகா நஞ்சு சிறுபிள்ளைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நூறுக்கும் குறைவான கிருமிகளே நோய்க்குப் போதும். வயிற்றுளைச்சல் தரும் ஷிகெல்லாவும் அவ்வளவு சிறிய அளவிலேயே தொற்றும். அது மாட்டிலிருந்து வருவதில்லை, மனிதரிலிருந்து மட்டுமே.

லீக்ஸும் கோவாவும் பெரும்பாலும் சட்டிக்குப் போய்விடுகின்றன. நன்றாகச் சமைத்தால் இந்தக் கிருமிகள் மிஞ்சுவதில்லை. சலாதும் வல்லாரைச் சம்பலும்தான் நெருப்பைக் காணாமல் வாய்க்குப் போகிறவை. அதனால் ஒரே குழியில் நான்கு பயிரைக் கழுவும்போது, சமைக்கும் பயிரின் அழுக்கு சமைக்காத பயிருக்கு மாறுகிறது. லீக்ஸுக்கு மண் அணைக்கும்போது எருக்கலந்த மண் இலையுறைகளுக்குள் இறங்கிவிடும். கழுவும்போது அந்த மண்தான் முதலில் கரைந்து குழியில் சேர்கிறது. லீக்ஸை முதலில் கழுவிவிட்டுச் சலாதை அதே நீரில் முக்குவதைவிட மோசமான வரிசை இல்லை. ஆனாலும் லீக்ஸ் கனமான பயிர், முதலில் கட்டி முடிக்க வேண்டியது என்பதால் வழக்கத்தில் இருப்பது அதுதான்.

குழியின் கணக்கு

ஒரு கிராம் மாட்டுச் சாணத்தில் பத்து இலட்சம் ஈ.கோலை இருப்பது சாதாரணம். 1000 லீற்றர் என்பது பத்து இலட்சம் மில்லிலீற்றர். ஆக, ஒரு கிராம் சாணம், அதாவது செருப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, குழி முழுவதிலும் கலந்தால் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஒரு கிருமி. 100 மில்லிலீற்றருக்கு நூறு. அமெரிக்காவின் 2015 ஆம் ஆண்டு விளைபொருள் விதிகள் பாசன நீருக்கே 100 மில்லிலீற்றருக்கு 126 ஈ.கோலை என்ற பெருக்குச் சராசரியைத்தான் (பல மாதிரிகளின் ஒரு வகைச் சராசரி) எல்லையாக வைத்தன. 2024 திருத்தத்தில் அந்த எண்ணை விட்டுவிட்டு, நீர்வழி முழுவதையும் மதிப்பிடும் முறைக்கு மாறினார்கள். அறுவடைக்குப் பின் இலையைத் தொடும் நீருக்கோ விதி மாறவில்லை: 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றும் காணப்படக்கூடாது. கழுவு குழி அந்த இரண்டாவது வகைக்குள் வருகிறது.

கழுவிய சலாதுத் தலை ஒன்று இதழ்களுக்கிடையில் 40 மில்லிலீற்றர் நீரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று வைத்தால், 40 கிருமிகளையும் சேர்த்து எடுத்து வருகிறது. குழிக்குள் போகும்போது அந்தத் தலை சுத்தமாகவே இருந்திருக்கலாம். நாள் முழுக்கக் குழிக்குள் போவது ஒரு கிராம் மட்டும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கழுவினால் ஓரளவு போகுமே என்றால், போகும். வெறும் நீரில் கழுவினால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறையும், கிருமிநாசினி சேர்த்தால் நூறில் தொண்ணூற்றொன்பது. உலக சுகாதார அமைப்பின் 2006 வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் மதிப்பும் இதுவே. நூறு கிருமி போதுமான நோய்க்கு, பத்தாயிரத்தில் நூறு மிஞ்சுவது எந்த வகையில் ஆறுதல்? இலையின் சுவாசத் துளைக்குள்ளும் வெட்டுவாயிலும் புகுந்தவற்றை எந்தக் கழுவலும் தொடுவதில்லை. மேற்பரப்பில் ஒட்டுப்படலமாகப் படிந்துவிட்டவையும் இலேசில் விடுவதில்லை.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினொரு மணி வெயிலில் அறுத்த சலாதின் உட்சூடு அதிகம், ஓடை நீரோ சில்லென்றிருக்கும். சூடான இலையும் தண்டும் குளிர்நீரில் விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது வெளிநீரை வெட்டுவாய் வழியாக இழுக்கும். அடித்தண்டை வெட்டிய உடனே குழியில் போடுவதால் உறிஞ்சுவதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. விடியற்காலையில், இலை குளிர்ந்திருக்கும்போது அறுத்தால் இந்த இழுப்பு வெகுவாகக் குறையும்.

2006 செப்டெம்பரில் அமெரிக்காவில் பொதி செய்த பசளிக்கீரையால் பரவிய ஓ157:எச்7 தொற்று இங்கே பொருத்தமான ஒப்பீடு. 26 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றதாகவும் 3 பேர் இறந்ததாகவும் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பதிவு செய்தது. விசாரணை கடைசியில் கலிபோர்னியாவில் சுமார் 2.8 ஏக்கர் வயல் ஒன்றில் வந்து நின்றது. அவ்வளவு சிறிய வயல் 26 மாநிலங்களை எட்டியதற்குக் காரணம், ஆலையில் பல வயல்களின் கீரை ஒன்றாகக் கழுவப்பட்டு ஒன்றாகப் பொதி செய்யப்பட்டது. அந்த வயலுக்குப் பக்கத்தில் ஆற்று நீரிலும் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியின் சாணத்திலும் அதே மரபணு அடையாளமுள்ள கிருமி கிடைத்தது. அவற்றில் எது இலைக்குக் கொண்டுவந்தது என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. தேயிலை மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் இரவில் பன்றி இறங்கும் சரிவுகளில் பயிர் செய்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பன்றி உழுத பாத்தியில் மிச்சமிருக்கும் தலைகளை விற்பது நம்மிடம் நஷ்டத்தைக் குறைக்கும் வழியாக இருக்கிறது. சாணம் கிடந்தால் அதைச் சுற்றி ஒரு மீற்றருக்கேனும் பயிரை அறுக்காமல் விட வேண்டும், சாணத்தை வாரி எறிந்துவிட்டு அறுக்கக்கூடாது.

ஓடை

குழிக்கு முன்னால், பாசனம். ஸ்பிரிங்ளர் இலையைத்தான் நனைக்கிறது. சலாதின் குவிந்த இதழ்களுக்குள் நிற்கும் நீர் நுவரெலியாவின் பனிமூட்டத்தில் மத்தியானம் வரை காய்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில், பயிரில் பூஞ்சணத்துக்காகப் பயப்படும் விவசாயி பற்றீரியாவுக்குப் பயப்படுவதில்லை. குளிர் கிருமியைக் கொல்லும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடப்பது வேறு. வெயிலின் புறஊதாக் கதிரும் உலர்வும்தான் வயலில் கிருமியைக் கொல்பவை. ஈரமும் மூட்டமும் குளிரும் உள்ள இடத்தில் அது பெருகாவிட்டாலும் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும். தம்புள்ளை வெயிலில் ஐந்து நாளில் குறைவது இங்கே அவ்வளவு வேகத்தில் குறையாது. கீழ்நாட்டுக்கோ வெளிநாட்டுக்கோ எழுதப்பட்ட "கடைசிப் பாசனத்துக்கும் அறுவடைக்கும் இத்தனை நாள் இடைவெளி" என்ற கணக்கை மலையகத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஓடை நீரின் தரம் நாளுக்கு நாள் மாறும். காய்ந்த வாரங்களில் தெளிந்து ஓடும். மழை தொடங்கியதும் கொட்டகையின் சாணத்தையும் நிரம்பிய மலசலகூடக் குழியின் கசிவையும் எருக் குவியலின் சாற்றையும் சேர்த்து இறக்கும் முதல் வெள்ளம்தான் மிக அழுக்கானது. அத்தோடு அடிச்சேறும் கிளம்பும். சேற்றுக்குள் கிருமிகள் ஓடும் நீரில் இருப்பதைவிட அதிகமாகவும் அதிக நாளும் தங்குகின்றன. பம்பின் உறிஞ்சுகுழாயை ஓடையின் அடியில் படுக்கவைப்பது, காய்ந்த நாளிலும் அந்தச் சேற்றைத் தோண்டி எடுத்துத் தெளிப்பதுதான். வெற்று கலன் ஒன்றைக் கட்டி, உறிஞ்சுவாயை அடியிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி மிதக்கவிட்டால் செலவே இல்லாமல் பாதிச் சேறு நின்றுவிடும்.

2018 வசந்தத்தில் அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதியில் விளைந்த ரோமேன் சலாதால் 36 மாநிலங்களில் 210 பேர் நோயுற்று 5 பேர் இறந்தனர். நோய்க்குக் காரணமான அதே கிருமி அப்பகுதியின் பாசனக் கால்வாய் நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. கால்வாய்க்குப் பக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. நம் சரிவில் கொட்டகையில் இரண்டு மாடுதான். ஆனால் தூரமும் சில மீற்றர்தான், சரிவும் செங்குத்து.

பாசனத்தை மாற்றியவர்கள்கூட மறந்துபோகும் ஒரு நீர் இருக்கிறது: மருந்துத் தாங்கியின் நீர். பூஞ்சண மருந்து அடிக்கும் 16 லீற்றர் முதுகுத் தாங்கியை ஓடையிலேயே அமிழ்த்தி நிரப்புவார்கள். அது நேரே இலையில் விழுவது, பெரும்பாலும் மழைக்குப் பின் அடிப்பது, அறுவடைக்குச் சில நாள் முன்னும் அடிப்பது. மருந்தே கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப இடமில்லை. சில பூச்சிமருந்துக் கரைசல்களில் சல்மொனெல்லா உயிர்பிழைத்துப் பெருகவும் செய்கிறது. கரைத்த மருந்தை இரவு வைத்திருந்து காலையில் அடிப்பது இன்னும் மோசம். சேதனப் பயிர் செய்பவர்கள் இலைக்குத் தெளிக்கும் சாணக் கரைசலும் இதே கணக்கில் சேரும். அறுத்துப் பச்சையாக உண்ணும் இலைக்கு அதைத் தெளிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது, வேரடியில் ஊற்றட்டும்.

எரு

2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை வந்தபோது கோழி எருவின் தேவை ஒரே மூச்சில் ஏறியது. அதே ஆண்டில் சீனாவிலிருந்து வரவிருந்த சேதன உரத்தின் மாதிரிகளில் எர்வினியா உள்ளிட்ட பற்றீரியாக்கள் கண்டதாகச் சொல்லி இலங்கை அதை ஏற்க மறுத்தது பெரிய செய்தியாயிற்று. எர்வினியா பயிரை அழுகச் செய்வது. தடுத்தது சரியே. ஆனால் உள்ளூரில் சாக்குச் சாக்காக மலையேறிய பச்சைக் கோழி எருவில் மனிதருக்கு நோய் தரும் சல்மொனெல்லாவும் கம்பைலோபக்டரும் இருக்கிறதா என்று கேட்க எந்தத் துறைமுகமும் குறுக்கே நிற்கவில்லை.

பச்சை எருவுக்கு அமெரிக்க சேதன விதி வைக்கும் இடைவெளி தெளிவானது. உண்ணும் பகுதி மண்ணைத் தொடுமானால் எரு மண்ணில் கலந்ததற்கும் அறுவடைக்கும் 120 நாள், தொடாவிட்டால் 90 நாள். சலாது நட்டதிலிருந்து 45 முதல் 60 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே சலாதுப் பாத்திக்குப் பச்சை எரு என்ற பேச்சுக்கே இடமில்லை. வழி, பயிர்ச் சுழற்சியில் இருக்கிறது. பச்சை எருவை உருளைக்கிழங்குக்கு முன் மண்ணில் கலந்துவிட வேண்டும். கிழங்கு மூன்று, மூன்றரை மாதம் நிற்கும், சமைத்தே உண்ணப்படும். அதன் பின் அதே பாத்தியில் சலாது அறுவடைக்கு வரும்போது 120 நாள் கடந்திருக்கும். சலாதுக்கு இடையில் போடுவதென்றால் முழுதாக மக்கிய கூட்டெரு மட்டும். லீக்ஸ் நாலு, ஐந்து மாதப் பயிர் என்பதால் இடைவெளி தானாகவே கிடைத்துவிடும் போலத் தோன்றும். நடுவில் மண் அணைக்கும்போது இன்னொரு கை கோழி எரு போடுகிறார்களே, அங்கே கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

"மக்கிய எரு" என்று சொல்லப்படுவதில் பாதி, மழையில் கிடந்து கறுத்த எரு. நிறம் மாறினால் கிருமி செத்ததென்று ஆகாது. குவியலின் உட்சூடு 55 பாகைக்கு மேல் ஏற வேண்டும், திறந்த வரிசைக் குவியலில் அந்தச் சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்ட வேண்டும். புரட்டுவதன் நோக்கம் காற்று மட்டுமல்ல. குவியலின் வெளித்தோல் எப்போதும் குளிராகவே இருக்கும், அங்குள்ள கிருமி சாகாது, வெளியே இருப்பது ஒவ்வொரு முறையும் உள்ளே போக வேண்டும்.

நுவரெலியாக் குளிரில் முழங்கால் உயரக் குவியல் 55 ஐ எட்டவே எட்டாது. குறைந்தது ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை மீற்றர் உயரம் என்றால் நல்லது. கோழி எருவில் நைதரசன் அதிகம். தனியே குவித்தால் அமோனியா நாற்றமடித்துச் சேறாகிப்போகும். மானாப்புல், வெட்டிய கவ்வாத்துக் குச்சி, வைக்கோல், உமி என்று காபன் நிறைந்த பொருளைச் சேர்த்து காபன்-நைதரசன் விகிதத்தை 25 க்கும் 40 க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. மேலே பொலித்தீன் மூடி, சுற்றிக் கான் வெட்டாவிட்டால் ஒரே மழையில் சூடு இறங்கிவிடும். நீளக் கம்பி வெப்பமானி ஒன்றை வாங்கி, நடுவிலும் இரு பக்கமும் தினமும் அளந்து எழுதிவைப்பதுதான் இதில் ஒரே சான்று.

நன்றாக மக்கிய எருவையும் கெடுக்கும் வழி சுலபமானது. பச்சைக் குவியலைப் புரட்டிய அதே மண்வெட்டியால் முடிந்த குவியலை வாருவது ஒன்று. பச்சைக் குவியல் மேலேயும் முடிந்த குவியல் கீழேயும் இருக்க, மேலிருந்து சாறு வடிவது இன்னொன்று. சரிவில் முடிந்த எருவே மேலே இருக்க வேண்டும்.

கையும் மலசலகூடமும்

அறுக்கும் கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: வயலருகே சவர்க்காரமும் ஓடும் நீரும், வயிற்றோட்டம் உள்ளவருக்கு அறுவடை வேலை கொடுக்காமல் இருப்பது. நாட்கூலிக்கு வருபவரிடம் வயிற்றோட்டத்தைக் கேட்டால் கூலி போய்விடுமென்று சொல்லமாட்டார். அன்றைக்கு எரு புரட்டும் வேலை, வேலி வேலை என்று கூலி குறையாத மாற்று இருந்தால்தான் உண்மை வெளிவரும்.

லயத்து மலசலகூடங்களைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் நிதானம் தேவை. குழிக்கும் நீர்நிலைக்கும் இடையில் 30 மீற்றர் என்பது பொதுவான வழிகாட்டல். மேலே குழியும் கீழே ஊற்றும் உள்ள பாறைவெடிப்புச் சரிவில் அந்தத் தூரமும் காப்பல்ல. ஆனால் அந்தக் குழியை அங்கே வெட்டியவர்கள் லயத்தில் வாழும் குடும்பங்களல்லர். காணியுறுதி இல்லாத, பல குடும்பங்களுக்கு ஒன்றென்று கட்டிக்கொடுத்த மலசலகூடத்தை இடம் மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஓடை அசுத்தமென்றதும் "லயத்து ஆட்கள்" என்று கைகாட்டுவது கேட்கச் சுலபமாக இருக்கும், திருத்த ஒன்றும் உதவாது. தோட்ட நிர்வாகத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சேர்த்து, எழுத்தில், நீர்ப் பரிசோதனை முடிவோடு போனால் பேச்சுக்கு இடமுண்டு. வயிற்றுளைச்சலும் நெருப்புக் காய்ச்சலும் உணவு நஞ்சாதலும் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்கள். ஆகவே அதே லயத்தில் அவை பதிவாகியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும்.

எதை முதலில் மாற்றுவது

சலாதைத் தோட்டத்தில் கழுவாமலே அனுப்புவதுதான் முதல் மாற்றம். இதைக் கேட்டு எரிச்சல்படாத வியாபாரி குறைவு. மண் ஒட்டிய சலாதுக்கு விலை விழும் என்பார்கள். மண் ஒட்டாமல் வளர்த்தால் கழுவும் தேவையே குறையும். பாத்திக்கு வைக்கோலோ மானாப்புல்லோ பரப்பினால் மழைத்துளி மண்ணை இலைக்குத் தெறிக்காது. அறுக்கும்போது வெளியிதழ் மூன்று நாலைக் கழித்து, மண்ணில் வைக்காமல் நேரே சுத்தமான பெட்டிக்குள் வைக்கலாம். கழித்த இதழோடு பெரும்பகுதி அழுக்கும் போய்விடும். நனையாத சலாது லொறியில் அழுகுவதும் குறைவு. வியாபாரியிடம் பேச அந்தக் கடைசிக் காரணம்தான் எடுபடும்.

கழுவியே ஆக வேண்டிய லீக்ஸுக்கும் வல்லாரைக்கும் குழியை மூடிவிட்டு, கம்பித்தட்டின் மேல் வைத்து மேலிருந்து நீர் ஊற்றிக் கழுவலாம். தட்டிலிருந்து இறங்கும் நீர் திரும்ப இலையைத் தொடாமல் கானில் போக வேண்டும். நீர் பீலியிலிருந்து (ஊற்றுநீர் விழும் குழாய்வாயிலிருந்து) வந்தால் நல்லது, ஆனால் எல்லாப் பீலியும் நல்லதல்ல. தேயிலை மலையில் திறந்த கானாக ஓடிவந்து கடைசி இரண்டு மீற்றரில் மட்டும் குழாயில் விழும் நீரும் பீலிதான். ஊற்றுக்கண்ணிலேயே கொங்கிரீட் பெட்டி கட்டி, மூடி போட்டு, வேலியடைத்து, மேற்புறம் மழைநீரைத் திருப்பும் கான் வெட்டி, அங்கிருந்தே குழாயில் இறக்கிய பீலியைத்தான் நம்பலாம்.

தொட்டியில் முக்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு தொட்டி. முதலாவது மண் போக்க, இரண்டாவது குளோரீன் நீர். டி.சி.எல். எனப்படும் வெளிற்றும் தூளில் புதிதாக இருக்கும்போது 30 வீதமளவு குளோரீன் கிடைக்கும். 500 லீற்றருக்கு, லீற்றருக்கு 100 மில்லிகிராம் என்ற செறிவுக்கு 50 கிராம் குளோரீன் வேண்டும், அதாவது ஏறத்தாழ 167 கிராம் தூள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். வாயைத் திறந்து மாதக்கணக்கில் மலையீரத்தில் கிடந்த தூளில் பாதி வீரியமும் இருக்காது, ஆகவே எடையை நம்பாமல் அதிக செறிவை அளக்கும் சோதனைத் தாளால் அரைமணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். பி.எச். 6.5 க்கும் 7.5 க்கும் இடையில் இருந்தால்தான் குளோரீன் முழு வேலை செய்யும், இந்தத் தூளோ நீரைக் காரமாக்கும். சிறிது சித்திரிக் அமிலத்தைத் தொட்டி நீரில் சேர்த்துச் சரிசெய்யலாம். தூளிலோ செறிந்த கரைசலிலோ அமிலம் பட்டால் நச்சுவாயு கிளம்பும்.

மண்ணும் இலைச்சாறும் சேரச்சேர குளோரீன் செலவாகித் தீர்ந்துவிடும். மணம் மட்டும் இருக்கும், கிருமி சாகாது. தொட்டியின் அடி தெரியாத அளவுக்கு நீர் கலங்கியதும் மேலும் தூள் கொட்டுவதில் பயனில்லை, நீரை மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தாலும் குளோரீனின் பணி, ஒரு தலையின் கிருமி நீர்வழியாக அடுத்த தலைக்குத் தாவாமல் தடுப்பதே. ஏற்கெனவே ஒட்டியதை அது முழுதாக நீக்குவதில்லை.

பாசனத்தில், சொட்டுக்குழாய்க்கு வசதியிருந்தால் இலை நனையாது. தாழ்வாக வளரும் பயிருக்கே கிருமி நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு குறையுமென்று உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. வசதியில்லாதவர் பாத்திக்கிடையில் வாய்க்காலாகப் பாய்ச்சலாம். ஸ்பிரிங்ளரை விடவே முடியாதென்றால் அறுவடைக்கு முந்திய வாரத்தில் அதற்கு ஊற்றுநீர் மட்டும். மருந்துத் தாங்கிக்கு எப்போதும் ஊற்றுநீர்தான். அடிப்பது சில தாங்கி என்பதால் இது செலவில் மிகச் சிறியது, பலனில் பெரியது.

லொறி

இரவு புறப்படும் லொறி விடியுமுன் 15 பாகையிலிருந்து 28 பாகைக்கு இறங்கிவிடுகிறது. சலாதின் வெட்டுவாயில் கசியும் பாலில் சத்து இருக்கிறது. ஈ.கோலை 8 பாகைக்கு மேல் பெருகத் தொடங்கும் என்றாலும் மலைக்குளிரில் மந்தமாகவே இருக்கும், கொழும்புச் சூட்டில் அரைமணிக்கொரு முறை இரட்டிக்கவும் முடியும். கோழி எரு ஏற்றிவந்த லொறி திரும்பிப் போகும்போது மரக்கறி ஏற்றுவது செலவுக் கணக்கில் புத்திசாலித்தனம். தட்டைக் கழுவி, குளோரீன் நீர் தெளித்துக் காயவிட்டு, பழைய உரச் சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி வைக்காவிட்டால் மேலே செய்ததெல்லாம் அந்தத் தட்டில் வீணாகும். சந்தையில் வல்லாரைக் கட்டுக்கு மேல் தெளிக்கும் நீர் தோட்டக்காரரின் கையில் இல்லை.

பரிசோதனை

பத்துச் சலாதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி "இல்லை" என்று வாங்கிய தாளைச் சட்டமிட்டு மாட்டுவதில் அர்த்தமில்லை. நூறில் ஒரு தலையில் கிருமி இருந்தால், பத்துத் தலையைச் சோதிக்கும்போது அது அகப்படாமல் போகும் வாய்ப்பு 90 வீதம். அறுபது தலையைச் சோதித்தாலும் 55 வீதம். இலைக்குச் செலவிடும் பணத்தை நீருக்குச் செலவிடுவது மேல். நீர் எல்லாத் தலையையும் தொடுகிறது.

மலிவான முதற்சோதனை, ஐதரசன் சல்பைட்டுப் போத்தல். நீரை ஊற்றி வைத்தால் மலத்தோடு தொடர்புள்ள பற்றீரியா இருக்கும்போது ஒன்று, இரண்டு நாளில் உள்ளடக்கம் கறுக்கும். இதற்கு 25 முதல் 35 பாகை வெப்பம் வேண்டும். நுவரெலியாவில் அலுமாரிக்குள் வைத்த போத்தல் கறுக்காமலிருப்பது நீர் நல்லதென்பதற்காக அல்ல, குளிர் என்பதற்காக. அடுப்படிக்குப் பக்கத்தில் சுத்தமான நீர் ஊற்றிய இன்னொரு போத்தலோடும் ஓடைச்சேறு கலந்த மூன்றாவது போத்தலோடும் சேர்த்து வைக்க வேண்டும். சேற்றுப் போத்தல் கறுத்தால்தான் மற்ற இரண்டின் பதிலுக்கு மதிப்பு.

எண்ணிக்கை தெரிய ஆய்வுகூடம்தான். கிருமியழித்த போத்தலில், ஓட்டத்துக்கு எதிர்முகமாக வாயைப் பிடித்து, கரையையும் அடியையும் தொடாமல் நடுநீரில் நிரப்பி, மேலே விரலளவு காற்றிடம் விட வேண்டும். குளோரீன் இட்ட நீரென்றால் சோடியம் தயோசல்பேற்று உள்ள போத்தல் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்துப் பொய்யான நல்ல முடிவு வரும். பனிக்கட்டிப் பெட்டியில் ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அதற்குக் காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

எங்கே எடுப்பது என்பதுதான் காரணத்தைக் கண்டுபிடிக்கும். ஊற்றுக்கண்ணில் ஒன்று, லயத்துக்குக் கீழே கொட்டகைக்கு மேலே ஒன்று, கொட்டகைக்குக் கீழே ஒன்று, பம்பின் வாயில் ஒன்று, கழுவும் இடத்தில் நண்பகலில் ஒன்று. எந்த இரண்டு இடத்துக்கிடையில் எண் தாவுகிறதோ அங்கே கான் திருப்பவும் குழி மாற்றவும் பணம் போக வேண்டும். ஐந்தையும் ஒரே நாளில், காய்ந்த வாரத்தில் ஒருமுறையும், ஒக்டோபர் இடிமழை தொடங்கிய முதல் நாட்களில் ஒருமுறையும் எடுக்க வேண்டும். பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறதென்றால் மழையில் எடுப்பது.